கல்லூரிக் குறும்படம்: "கற்ற திறன்கள்" அறிக்கையில் உருப்படியாக எதை எழுதுவது?

மொட்டைமாடி_விஸ்காம்:
எல்லாருக்கும் வணக்கம். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டு, 10 நிமிடக் குறும்படம். இரண்டு அறை, ஒரு மொட்டைமாடி, ஒரு தெரு. ஷூட்டிங் முடிந்து எடிட்டில் இருக்கிறது. படத்தோடு "இதன் வழியாகக் கற்ற திறன்கள்" என்று 8 பக்க அறிக்கையும் கொடுக்க வேண்டும். சீனியர்களின் அறிக்கைகளைப் புரட்டினால் குழுவாகச் செயல்படுதல், தலைமைப் பண்பு, நேர மேலாண்மை. தலைப்பை மாற்றினால் என்.எஸ்.எஸ். முகாம் அறிக்கை ஆகிவிடும். வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: ஒரு மாணவர் குறும்படம் நிஜமாகவே கற்றுக்கொடுக்கிற கைத்திறன் எவை? எது எங்கே சறுக்கும், ஏன்?

பூம்_கம்பு:
அதுல நாலு பக்கத்தைச் சவுண்டுக்கே ஒதுக்கிடுங்க. படம் கொஞ்சம் இருட்டா இருந்தா "மூடுக்காகப் பண்ணியிருக்காங்க"ன்னு ஜனங்க நினைச்சுக்குவாங்க. வசனம் புரியலைன்னா ரெண்டாவது நிமிஷமே போனை எடுத்துடுவாங்க.

முதல் பாடம் தூரம். மைக்குக்கும் வாய்க்கும் நடுவுல இருக்கிற தூரத்தைப் பாதியாக்கினா நேரடிக் குரல் 6 டெசிபல் ஏறும். அறையோட எதிரொலி ஏறாது. கேமரா தலையில மாட்டின ஷாட்கன் மைக் (நேர் எதிரே வர்ற சத்தத்தைக் குறிவைக்கிற நீள மைக்) நடிகருக்கு 8 அடி தள்ளி நிக்குது. அதே மைக்கை பூம்ல, அதாவது நீளக் கம்புல, போட்டு 2 அடிக்குக் கொண்டுவந்தா 12 டெசிபல் லாபம். இதுக்கு ஈடா எந்தக் காஸ்ட்லி மைக்கும் கிடையாது.

பூம் பிடிக்கிறவருக்கு வசனம் மனப்பாடமா தெரியணும். தலை திரும்புறதுக்கு முன்னாடியே மைக் திரும்பணும், பின்னாடி போனா வாக்கியத்தோட முதல் வார்த்தை மங்கிடும். மேலேருந்து சாய்ச்சு, வாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவுல குறி. டேக்குக்கு முன்னாடி மைக் ஃபிரேம்ல தெரியுற வரைக்கும் இறக்கிப் பாத்துட்டு அங்கேருந்து ஒரு சாண் ஏத்திக்கணும். பயந்து மூணடி உயரத்துல பிடிக்கிறதாலதான் பாதிக் கல்லூரிப் படங்கள்ல வசனம் கிணத்துக்குள்ளேருந்து வருது.

டைல்ஸ் தரை, வெத்துச் சுவர், பத்துக்குப் பத்து அறை: இங்க ஷாட்கன் சரிப்படாது. பக்கவாட்டுல வர்ற எதிரொலியை அது திரிச்சு வாங்கும். சூப்பர்கார்டியாய்ட் (முன்பக்கச் சத்தத்தை அதிகமா வாங்குற) குட்டி மைக் கிடைச்சா அதை எடுங்க. கிடைக்கலைன்னா தரையில ஜமக்காளம், ஃபிரேமுக்கு வெளியே ரெண்டு பக்கம் ஸ்டாண்டுல கனமான போர்வை. ஒரு பக்கம் மட்டும் தொங்கவிட்டா பெருசா பலன் இல்லை.

ரெக்கார்டர்ல 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பேச்சோட உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கத்துல நிக்கட்டும். ஒத்திகையில முணுமுணுக்கிற நடிகர் டேக்ல கத்துவார், அதனால லெவல் பாக்கும்போது "முழுக் குரல்ல சொல்லுங்க"ன்னு கேட்டே ஆகணும். ஆட்டோ கெயினை (லெவலைத் தானா ஏத்தி இறக்குறது) அணைச்சிடுங்க. அது வசனத்துக்கு நடுவுல வர்ற மௌனத்துல ஃபேன் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும்.

ஃபேன், ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாம் ஆஃப். ஃப்ரிட்ஜை அணைக்கிறவர் தன் வண்டிச் சாவியை அதுக்குள்ளயே போட்டுடணும். இல்லாட்டி மறுபடி போட மறந்து வீட்டுக்காரரோட பால், மாவு எல்லாம் போச்சு. ஒவ்வொரு இடத்தையும் விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் அசையாம நின்னு 45 நொடி ரூம் டோன், அதாவது அந்த இடத்தோட வெறும் சத்தம், பதிவு பண்ணணும். அது இல்லாட்டி எடிட்டர் ஒரு இருமலை வெட்டினா அந்த இடத்துல சத்தம் மொத்தமா செத்து, வெட்டு காதுல அறையும்.

கரகர_தெரு:
சவுண்டு அண்ணன் சொல்றது அறைக்குச் சரி. சென்னைத் தெருவுல காலை 9 மணிக்கு லைவ் சவுண்டு எடுக்கப் போறவங்களுக்கு என் அனுதாபம். நம்ம சினிமாவுல டப்பிங் சும்மா வரலை. தெருக் காட்சியை பைலட் டிராக்கோட (டப்பிங்குக்கு வழிகாட்ட மட்டும் பதிவு பண்ற ஒலி) எடுத்து, பின்னாடி டப் பண்றதே புத்திசாலித்தனம். மாணவர்கள் அதைக் கத்துக்கிட்டா வெளியே வேலைக்கும் உதவும்.

பூம்_கம்பு:
டப்பிங் வேணாம்னு சொல்லலை. மலிவுன்னு நினைக்காதீங்கன்னுதான் சொல்றேன். குரலை மட்டும் புதுசா போட்டா முடிஞ்சுதா? லைவ் டிராக்கை எடுத்துட்டா கூடவே செருப்புச் சத்தம், புடவை உரசல், டம்ளர் வைக்கிற சத்தம், தெரு இரைச்சல் எல்லாம் போயிடும். அத்தனையையும் திரும்பக் கட்டணும். 10 நிமிஷப் படத்துக்கு அது ஒரு வாரம் விழுங்கும். தொழில்ல இல்லாத நடிகர் டப்பிங் அறையில தன் உதட்டைப் பிடிக்கிற அவசரத்துல உணர்ச்சியைத் தொலைச்சுடுவார்.

நடுவழி ஒண்ணு இருக்கு: வைல்ட் டிராக். டேக் ஓகே ஆனதும், கேமரா ஓடாம, அதே நடிகர், அதே மைக், கொஞ்சம் அமைதியான சந்துக்குள்ள நின்னு அதே வசனத்தை அதே வேகத்துல மூணு தடவை சொல்லணும். மூச்சு வாங்கல்கூட அப்படியே இருக்கும். பெரும்பாலும் உதட்டுல உக்காந்துடும். இதுக்கு ஆகிறது அஞ்சு நிமிஷம்.

தாள்_பென்சில்:
சவுண்டுக்கு அடுத்தது தாள் வேலை. "நேர மேலாண்மை" என்று எழுதாமல் கணக்கை எழுதுங்கள்.

10 மணி நேர ஷூட் என்றால் 600 நிமிடம். காலையில் இறக்கி அடுக்க 60, சாப்பாடு 60, டீ 30, கடைசியில் கட்டி வைக்க 30. மிச்சம் 420. கேமராவையும் லைட்டையும் நகர்த்தி, ஒத்திகை பார்த்து, மூன்று டேக் எடுக்க ஒரு செட்டப்புக்குச் சராசரி 25 நிமிடம் ஆகும். ஆக, நாளொன்றுக்கு 16 அல்லது 17 செட்டப். ஷாட் லிஸ்டில் 35 எழுதிக்கொண்டு போகிற யூனிட் மாலை 4 மணிக்கு ஷாட்டுகளை வெட்டத் தொடங்கும். அப்போது வெட்டுப்படுவது எப்போதும் க்ளோசப், ரியாக்‌ஷன், இன்சர்ட் (கை, பொருள் போன்ற சின்ன விவர ஷாட்). எடிட்டில் உயிர் கொடுப்பவை அவைதான்.

ஆகவே ஷாட் லிஸ்டை இரண்டாகப் பிரியுங்கள்: இல்லாவிட்டால் கதை புரியாது என்பவை, இருந்தால் அழகு என்பவை. முதல் பட்டியல் நாளொன்றுக்கு 12ஐத் தாண்டக் கூடாது.

எடுக்கும் வரிசைக்கும் ஒரு தர்க்கம் உண்டு. முதலில் இடம், பிறகு கேமரா பார்க்கும் திசை, பிறகு நடிகர், கடைசியில் லென்ஸ். ஜன்னல் பக்கம் பார்க்கும் எல்லா ஷாட்டையும் முடித்துவிட்டுத்தான் கதவுப் பக்கம் திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் லைட்டு, ஸ்டாண்டு, வயர், போர்வை எல்லாம் இடம் மாறும். வைடு (முழு இடமும் தெரியும் ஷாட்) முதலில், க்ளோசப் பிறகு என்பது பொது வழக்கம். ஆனால் அழுகைக் காட்சியில் புது நடிகரென்றால் க்ளோசப்பை முன்னால் எடுப்பேன், வைடுக்குள் அவர் காய்ந்துவிடுவார்.

கிளாப் போர்டைச் சடங்காக நினைக்க வேண்டாம். சீன், ஷாட், டேக் எண்ணைச் சத்தமாகச் சொல்லி அடித்தால்தான் ஒலிக்கோப்பில் தேடாமல் கண்டுபிடிக்கலாம். ஒலி பதிவு செய்யாத ஷாட்டில் கட்டைகளுக்கு நடுவில் விரலை வைத்துக் காட்டுவது மரபு. எடிட்டர் அதைப் பார்த்ததும் ஒலியைத் தேட மாட்டார். தொடக்கத்தில் அடிக்க மறந்தால் ஷாட் முடிவில் போர்டைத் தலைகீழாகப் பிடித்து அடிக்க வேண்டும்.

கன்டினியூட்டிக்கு (ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒத்துப்போவதைக் கவனிக்க) தனியாக ஒரு ஆள் வேண்டும். எந்த வசனத்தில் டம்ளரை எந்தக் கையால் எடுத்தார், டீ எவ்வளவு இருந்தது, சுவர்க் கடிகாரம் எத்தனை மணி. கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிடுவது உத்தமம், டிக் டிக் சத்தமும் போகும்.

தெர்மகோல்:
கேமரா பிரிவு இன்னும் வாயைத் திறக்கவில்லையே என்று பார்த்தேன்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மட்டமான எல்இடி பல்பும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டர் (ஒரு ஃபிரேமுக்கு வெளிச்சம் விழும் நேரம்) 1/50 நொடி என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு மினுக்கல் விழும், அதனால் வெளிச்சம் சீராக இருக்கும். 1/60 வைத்தால் ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. ஃபிரேமுக்கு ஃபிரேம் அளவு மாறி, படத்தில் பட்டை பட்டையாக ஓடும். அமெரிக்க யூடியூபர் "30 ஃபிரேம், 1/60" என்று சொன்னதை அப்படியே வைத்துவிட்டு, எடிட்டில் வந்து அழுகிறவர்கள் நிறைய. அவர்கள் ஊரில் 60 ஹெர்ட்ஸ். இங்கே 24 அல்லது 25 ஃபிரேம், இரண்டுக்கும் 1/50.

ஸ்லோமோஷன் ஆசை இருந்தால் ஒன்று: 120 ஃபிரேமில் ஷட்டரை 1/120ஐ விட மெதுவாக்க வழியே இல்லை. ஒரு முழு மினுக்கலுக்கு 1/100 நொடி வேண்டும். எனவே டியூப்லைட்டுக்கு அடியில் 120 எடுத்தால் மினுக்கல் நிச்சயம். பகல் வெளிச்சத்தில் எடுங்கள், அல்லது மினுக்காத வீடியோ லைட்டில்.

வெளியில் வெயில். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, ஷட்டர் 1/50 என்றால் உச்சி வெயிலுக்கு அபெர்ச்சர் (லென்ஸ் துவாரம்) எஃப் 22 பக்கம் போகும். பின்னணி மங்கலாக எஃப் 2.8 வேண்டுமென்றால் வெளிச்சத்தை 6 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) குறைக்க வேண்டும். அதற்குச் சரியானது என்டி 64, வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி ஃபில்டர். அது இல்லாமல் ஷட்டரை 1/3200க்கு ஏற்றினால் நடை, கையசைப்பு எல்லாம் வெடுக் வெடுக்கென்று துண்டுபடும். பெரும்பாலான போன்களில் அபெர்ச்சரை மாற்ற முடியாது, ஆகவே என்டி அங்கே இன்னும் அவசியம். கிளிப்பில் மாட்டுவது கிடைக்கிறது. மலிவான வேரியபிள் என்டியை (திருகி அளவை மாற்றும் ஃபில்டர்) முழுக்கத் திருகினால் படத்தில் குறுக்காகப் பெருக்கல் குறி போல நிழல் விழும். கடைசி எல்லைக்குப் போகாதீர்கள்.

லைட்டுக்கு வாடகைப் பணம் இல்லையென்றால் 4 அடி தெர்மகோல் ஷீட் இரண்டு வாங்குங்கள். ஒன்று வெள்ளையாகவே இருக்கட்டும், ஒன்றில் கறுப்பு சார்ட் ஒட்டுங்கள். வெள்ளை, ஜன்னல் வெளிச்சத்தை முகத்தின் இருட்டுப் பக்கம் திருப்பிவிடும். கறுப்பு, வெளிச்சத்தைத் தின்னும். வெள்ளைச் சுவர்களுள்ள அறையில் முகம் தட்டையாகத் தெரிவதற்குக் காரணம் எல்லாப் பக்கமும் துள்ளும் வெளிச்சம். அங்கே லைட்டைக் கூட்டக் கூடாது, கறுப்பைக் கொண்டுவர வேண்டும். மாணவர்கள் கடைசியில் கற்பது இதைத்தான்.

வீட்டில் இருப்பது பெரும்பாலும் 6500 கெல்வின் கூல் டேலைட் பல்பு. பக்கத்து அறையில் 3000 வார்ம் ஒன்று எரிந்தால் ஒரே முகம் பாதி நீலம், பாதி மஞ்சள். ஒன்றை அணைக்கவும், அல்லது பல்பை மாற்றவும். 100 ரூபாய் சொச்சம்தான். வொயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரியக் கேமரா செய்யும் நிறச் சரிக்கட்டல்) ஆட்டோவில் விட்டால் நடிகர் நகரும்போது நிறமும் நகரும். கிரேடிங்கில் (எடிட்டுக்குப் பின் நிறம் திருத்தும்போது) அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

மொட்டைமாடி_விஸ்காம்:
இவ்வளவு விவரத்துக்கு நன்றி. இடையில் ஒரு சந்தேகம். மொட்டைமாடிக் காட்சி போனில் எடுத்த ஒரே நீள ஷாட். கிளாப்பில் ஒலியும் படமும் சரியாகப் பொருந்துகிறது. நான்காவது நிமிடத்தில் உதடு முந்துகிறது. ரெக்கார்டர் பழுதா?

டைம்லைன்_அடியில்:
ரெக்கார்டர் மேல பழி போடாதீங்க. அதோட கடிகாரம் பத்து நிமிஷ ரெக்கார்டிங்ல தப்பினாலும் வழக்கமா ஒரு ஃபிரேமுக்குள்ளதான் இருக்கும். 25 ஃபிரேம்ல ஒரு ஃபிரேம்னா 40 மில்லிசெகண்ட். நாலு நிமிஷத்துல கண்ணுக்குத் தெரியுற அளவு விலகுதுன்னா ரெண்டுல ஒண்ணு.

முதல் சந்தேகம், மாறும் ஃபிரேம் ரேட். போனோட சொந்தக் கேமரா ஆப் 30ன்னு காட்டும், ஆனா வெளிச்சத்தையும் சூட்டையும் பொறுத்து 29, 30ன்னு ஊசலாடும். எடிட் சாஃப்ட்வேர் அதைச் சீரா வச்சுக்கிட்டு ஓட்டும்போது விலகும். ஹேண்ட்பிரேக்ங்கிற வீடியோ மாத்துற சாஃப்ட்வேர்ல போட்டு, கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் தேர்ந்தெடுத்து, தரத்தைக் குறைக்காம புதுக் கோப்பு எடுங்க. எடிட் தொடங்குறதுக்கு முன்னாடியே பண்ணணும். அடுத்த படத்துக்கு பிளாக்மேஜிக் கேமரா மாதிரி ஃபிரேமைப் பூட்டி வைக்கிற இலவச ஆப்ல எடுங்க.

ரெண்டாவது, 23.976ஐயும் 24ஐயும் குழப்புறது. வித்தியாசம் ஆயிரத்துல ஒண்ணுதான், ஆனா 10 நிமிஷத்துல 0.6 நொடி, அதாவது 14 ஃபிரேம். கேமரா மெனுவில 24ன்னு சுருக்கமா போட்டிருந்தாலும் கோப்போட விவரத்தைத் திறந்து பாத்துடுங்க. டாவின்சி ரிசால்வ் எடிட் சாஃப்ட்வேர்ல முதல் கிளிப்பை உள்ளே இழுத்த பிறகு புராஜெக்ட்டோட ஃபிரேம் ரேட்டை மாத்த விடாது. "சேஞ்ச் பண்ணட்டுமா"ன்னு அது கேக்கிற கேள்விக்குப் படிக்காம ஓகே அடிக்கிறவங்கதான் இங்க வந்து கேக்கறாங்க.

எடிட் பத்தி அறிக்கையில எழுத நல்ல விஷயம்: ஒலியையும் படத்தையும் ஒரே இடத்துல வெட்டாம இருக்கிறது. பேசுறவர் முகத்துலேருந்து கேக்கிறவர் முகத்துக்குப் படம் முன்னாடியே போகட்டும், வசனம் அங்க முடியட்டும். இல்லாட்டி அடுத்தவர் குரல் 10, 12 ஃபிரேம் முன்னாடி வரட்டும். ரெண்டு பேர் பேசுற காட்சி உடனே மூச்சு விடும். முதல் கட்லயும் கடைசிக் கட்லயும் இருக்கிற அதே காட்சியை எடுத்துப் பக்கத்துல வச்சு டைம்லைன் படத்தோட காட்டுங்க. எந்த வாக்கியத்தையும் விட அது நல்ல சாட்சி.

அப்புறம் டேட்டா. நொடிக்கு 100 மெகாபிட்ல எடுத்தா மணிக்கு 45 ஜிபி. படத்துல ஒரு நிமிஷத்துக்கு எட்டு நிமிஷம் ஷூட் பண்ற விகிதத்துல 10 நிமிஷப் படத்துக்கு 80 நிமிஷம், 60 ஜிபி. ரெண்டு தனித்தனி டிஸ்க்ல ஏத்தி, ரெண்டுலயும் கிளிப்பைத் திறந்து கடைசி வரைக்கும் ஓட்டிப் பாத்த பிறகுதான் கார்டை ஃபார்மேட் பண்ணணும். லேப்டாப்ல ஒண்ணு, அதே லேப்டாப் பையில இருக்கிற டிஸ்க்ல ஒண்ணுன்னா, பை தொலைஞ்சா ரெண்டும் போச்சு.

ஒத்திகை_அறை:
எல்லாரும் கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள். நடிகரிடம் பேசுவதும் கைத்திறன்தான்.

"சோகமா பண்ணுங்க" என்றால் புருவம் சுருங்கும், தோள் தொங்கும், அவ்வளவுதான் கிடைக்கும். உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமல் செயலைச் சொல்லுங்கள்: "அப்பா கையிலிருந்து ரசீதைப் பிடுங்கப் பார்க்கிறே, ஆனா கேட்க வாய் வரலை." கையில் ஒரு வேலையும் கொடுங்கள், துணி மடிப்பது, கீரை ஆய்வது. கேமராவை மறக்க அது போதும். ஆனால் அந்த வேலை கன்டினியூட்டிக்குத் தலைவலி, அதையும் கணக்கில் வையுங்கள். ஒரு டேக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரே ஒரு மாற்றம் சொல்லுங்கள். மூன்று சொன்னால் ஒன்றுமே நடக்காது.

வசனத் தாளை வாய்விட்டுப் படிக்காத இயக்குநர் "நான் உன்னிடம் முன்பே கூறினேன்" என்று எழுதிவைத்து, நடிகர் திணறுவதைப் பார்த்து அவரைக் குறை சொல்வார். மதுரைக்காரர் மதுரைப் பேச்சிலேயே பேசட்டும்.

கையெழுத்து_தாள்:
படம் முடிந்தபின் மாட்டுவது இசையில். "30 நொடிக்குள் போட்டால் காப்பிரைட் வராது" என்பது கட்டுக்கதை, சட்டத்தில் அப்படி நொடிக்கணக்கு எதுவும் இல்லை. பின்னணியில் டிவி ஓடினாலும், நடிகர் போனில் சினிமாப் பாட்டு ரிங்டோனாக ஒலித்தாலும் யூடியூபின் தானியங்கிச் சோதனை பிடிக்கும். ஷூட்டிலேயே அணைத்துவிட்டு, ரிங்டோனை எடிட்டில் சேருங்கள்.

நண்பர் இசையமைத்தாரா? வாய்ப்பேச்சு செல்லாது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். 19ஆம் பிரிவைக் கவனியுங்கள்: கால அளவு எழுதாவிட்டால் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளப்படும், எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பும்போது அந்த ஒரு வரி இல்லாததுதான் உதைக்கும். நடிகர்களிடமும் வீட்டுக்காரரிடமும் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள், ஷூட்டுக்கு முன். பின்னால் ஒருவருக்கொருவர் மனஸ்தாபம் வந்தபிறகு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

மொட்டைமாடி_விஸ்காம்:
மாறும் ஃபிரேம் ரேட்தான். ஹேண்ட்பிரேக்கில் மாற்றியதும் கடைசி வரை உதடு பொருந்துகிறது. இனி அறிக்கை. இதையெல்லாம் எந்த வடிவில் எழுதுவது? "இதைக் கற்றேன், அதைக் கற்றேன்" என்று அடுக்கினால் மறுபடி பட்டியல்தான் வரும்.

தாள்_பென்சில்:
காட்சி காட்சியாக எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் எடுத்த முடிவு, அதன் காரணம், விளைவு, சாட்சி. எட்டுப் பக்கத்துக்கு நான்கைந்து காட்சி போதும், எல்லாவற்றையும் தொட வேண்டியதில்லை. உதாரணத்துக்கு ஒரு பத்தி:

"காட்சி 4, சமையலறை. டைல்ஸ் எதிரொலி காரணமாக ஷாட்கன் மைக்கைத் தவிர்த்து, காலர் மைக் பயன்படுத்தப்பட்டது. மோவாய்க்கு ஒரு சாண் கீழே, துணிக்கு உட்புறம், காகித மருந்து டேப்பால் ஒட்டப்பட்டது. பருத்திச் சேலையில் உரசல் இல்லை. இரண்டாம் நடிகரின் பாலியெஸ்டர் சட்டையில் இருந்தது, அதனால் டேக் 1, 2 பயன்படவில்லை. டேக் 3இல் பனியன் மீது ஒட்டியதும் நீங்கியது. அடுத்த படத்தில் உடைத் தேர்வின்போதே ஒலிப்பிரிவு உடனிருக்கும். இணைப்பு: சவுண்டு ரிப்போர்ட், பக்கம் 3."

இதில் "திறன்" என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? கால்ஷீட், ஷாட் லிஸ்டின் முதல் வடிவமும் கடைசி வடிவமும், கன்டினியூட்டி போட்டோ, சவுண்டு ரிப்போர்ட் எல்லாவற்றையும் இணைப்பில் போடுங்கள். வெட்டிய ஷாட்டுகளைச் சிவப்பில் அடித்த ஷாட் லிஸ்டைச் சுத்தமாக மறுபடி தட்டச்சு செய்யாதீர்கள், அழுக்காகவே ஸ்கேன் பண்ணுங்கள்.

கரகர_தெரு:
வைல்ட் டிராக்கை ஒத்துக்கறேன் பூம் அண்ணே. ஆனா பஸ் ஸ்டாண்டு மாதிரி இரைச்சலான காட்சிக்கு மட்டும் டப்பிங்தான், அதுல மாத்தமில்லை.

டைம்லைன்_அடியில்:
கடைசியா ஒண்ணு, விழாவுக்கு அனுப்புறதா இருந்தா. ஆங்கில சப்டைட்டிலை எடிட் முடிஞ்ச மறுநாள் அவசரத்துல போடாதீங்க. ரெண்டு வரிக்கு மேல போகக் கூடாது, வரிக்கு 42 எழுத்து, நொடிக்கு 17 எழுத்துக்குள்ள. நம்ம ஆளுங்க பேசுற வேகத்துக்கு முழு வசனமும் அதுல அடங்காது, சுருக்கணும். ஷாட் மாறுற இடத்தைத் தாண்டி வரி தொங்கக் கூடாது. எழுத்தைப் படத்துல பொறிச்ச பிரதி ஒண்ணு, பொறிக்காத பிரதி ஒண்ணு, தனி எஸ்ஆர்டி (சப்டைட்டில் வரி மட்டும் இருக்கிற) கோப்பு ஒண்ணு, மூணையும் இப்பவே எடுத்து வைங்க. புராஜெக்ட் கோப்பைத் திறக்க ஆறு மாசம் கழிச்சு முயற்சி பண்ணினா பாதி மீடியா ஆஃப்லைன்னு (கோப்பு கிடைக்கலைன்னு) காட்டும்.